நாலு விரல் மேடு

ஊராட்சி மன்றத் தலைவராக என் பதவிக்காலம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போதும் ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். "இனிமே அது தனி அலுவலர் பாடு, படு" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரிதான். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சி மன்றத்தின் ஐந்து வருடம் முடிந்தது. தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர் நிர்வாகம். ஆனாலும் கிழக்குக் குடியிருப்புக்குப் போகிற மண் ரோடு எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. கண்மாய்க் கரை திரும்புகிற இடத்தில் இந்நேரம் தண்ணீர் ஏறியிருக்கும், இரட்டைப் பனையடியில் ஓரம் கரைய ஆரம்பித்திருக்கும் என்று படுத்தபடியே ஒவ்வொரு இடமாகப் போய்வருகிறேன். அந்த ரோட்டைப் பற்றி ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு நாலு வருடமாக என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். பலா, நிலக்கடலை, முல்லை, மல்லிகை. செம்மண் பூமி, கொஞ்சம் தோண்டினால் செம்பூரான் கல். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து கண்மாய்க் கரையோரமாகப் போகிறது நான் சொல்லும் ரோடு. மொத்தம் 1.8 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் கிழக்குக் குடியிருப்பு, எழுபது வீடுகள். ஊராட்சியின் பழைய பதிவேட்டில் இந்த ரோட்டின் பெயர் 'காலனி ரோடு'. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025-இல் சட்டசபையில் முதலமைச்சர் சொன்னபோது எனக்கு முதலில் அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. குடியிருப்பைத் தாண்டினால் பூந்தோட்டங்கள், கடைசியில் மயானம். விடியுமுன் டார்ச் லைட்டோடு போய்ப் பூப்பறித்து, ஈரச் சாக்கில் கட்டி, டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்கள். கமிஷன் கடையில் காலை விலை வேறு, ஒரு மணி நேரம் கழித்து விலை வேறு. ரோடு சேறாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றேன். அதற்கு முன் பத்து வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபை. கிழக்குக் குடியிருப்பிலிருந்து வந்த முதல் கோரிக்கை தார் ரோடு. போட்டுத் தருகிறேன் என்று மைக்கில் சொன்னேன். எந்த நிதியில், எவ்வளவு ஆகும், யார் அனுமதிக்க வேண்டும் என்று எதுவும் தெரியாமல் சொன்ன வாக்கு அது. இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது.

கண்மாய் மண்ணைக் கொட்டிய வருடம்

அந்த மார்ச், ஏப்ரல் மாதங்கள் எப்படிப் போயின என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பூவை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக வாய்க்காலில் கொட்டினார்கள். ஊராட்சியின் பொதுநிதி பிளீச்சிங் பவுடருக்கும் லைசாலுக்கும் தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. மத்திய நிதிக்குழு மானியத்தில் பாதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி அனுப்புகிற பணம், அதில் ரோட்டுக்குக் கை வைக்க முடியாது. மிச்சத்தில் மோட்டார் ரிப்பேரும் தெருவிளக்கும் போக என்ன இருந்ததென்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஏப்ரல் 20-க்குப் பிறகு நூறு நாள் வேலையைத் தொடங்கலாம் என்று மத்திய அரசு சொன்னது. முகக்கவசம், இடைவெளி இதெல்லாம் நிபந்தனை. கூடவே இன்னொன்று: நீர்ப்பாசனம், நீர்ப் பாதுகாப்பு வேலைகளுக்கு முன்னுரிமை. திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பி வந்த பிள்ளைகள் எல்லாம் வேலை அட்டை கேட்டு நின்றார்கள். கூலி அப்போதுதான் 256 ரூபாய் ஆகியிருந்தது. எல்லோரும் கண்மாய்க்குள் இறங்கினார்கள். தவறென்று சொல்லமாட்டேன். அந்தக் கண்மாய் அதற்கு முன் அவ்வளவு சுத்தமாக வெட்டப்பட்டதே இல்லை. ரோட்டு வேலை மட்டும் பட்டியலில் கீழே போய்க்கொண்டே இருந்தது.

அப்போது நான் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரடங்குக்கு முன்னால் வயதான பெண்களுக்கு நூறு நாள் வேலையில் ரோட்டோரம் செதுக்குகிற வேலை கொடுப்பது வழக்கம். கண்மாய்க்குள் இறங்கி மண் சுமந்து கரையேற அவர்களால் முடியாது என்பதால் அந்த ஏற்பாடு. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சீமைக் கருவேலம் வெட்டி, புல் செதுக்கி, அப்படியே போகிறபோக்கில் தூர்ந்துபோன பக்கவாய்க்காலின் வாயை மண்வெட்டியால் இழுத்துத் திறந்துவிட்டுப் போவார்கள். பதிவேட்டில் அது 'முட்செடி அகற்றுதல்' என்றுதான் இருக்கும். தண்ணீரைத் திருப்பிவிட்டது எந்தக் கணக்கிலும் கிடையாது. 2020-இல் வயதானவர்களை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று மேலிருந்து சொன்னார்கள். அவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள், நானும் அப்படியே செய்தேன். முதல் தடவையாக ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ரோட்டின் வாய்க்கால்களை யாரும் தொடவில்லை. அதை நான் புரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆனது.

அதோடு நானாகச் செய்த தவறு ஒன்று. கண்மாய் வெட்டிய மண் கரையைப் பலப்படுத்தியது போக மிச்சம் கிடந்தது. ரோடு குழி குழியாக இருக்கிறது, பக்கத்திலேயே மண் சும்மா கிடக்கிறது, கொட்டிவிடலாமே என்று நினைத்தேன். டிராக்டரில் அள்ளிப் போட்டு நிரவினோம். ஆகஸ்டில் அந்த ரோட்டைப் பார்த்தால் கல்யாண வீட்டு முற்றம் போல இருந்தது. ஊரே பாராட்டியது. ஆனால் அது வண்டல். வயலுக்குப் போட்டால் பொன், ரோட்டில் போட்டால் நஞ்சு. காய்ந்தால் மாவாகப் பறக்கும், நனைந்தால் வெண்ணெயாக வழுக்கும். டிசம்பர் ஆரம்பத்தில் புரெவி புயல் மன்னார் வளைகுடாப் பக்கம் நகராமல் நின்று பெய்த மழையில் டிராக்டர் டயர் பாதி புதைந்தது. பொங்கல் சமயம், 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற நெல்லையெல்லாம் சாய்த்த அந்தக் காலம் தப்பிய மழையில் ரோடே இல்லை என்கிற நிலை. குடியிருப்பில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி கண்டு 108-க்குச் சொன்னார்கள். வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றது. ஒரு கிலோமீட்டர் தூரம் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்த நாற்காலிக்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தவள் நான். என் காலுக்கடியில் வழுக்கியது நான் கொட்டச் சொன்ன மண்.

'பதிலாக' என்ற சொல்

2021-இல் சட்டமன்றத் தேர்தல் நடத்தை விதிகள், அப்புறம் இரண்டாம் அலை. மே மாதம் ஊரில் யார் வீட்டில் என்ன செய்தி வருமோ என்றிருந்தது. ரோட்டோரம் செதுக்குகிற பாட்டிமார்களில் ஒருவர் அந்த மாதம் தவறிப்போனார். இப்படியே போய், கிராம சபை மறுபடியும் கூடியது அக்டோபர் 2-ஆம் தேதிதான். ஒன்றரை வருடத்துக்கும் மேல் கூடாத சபை. கூட்டம் நிரம்பி வழிந்தது.

அதற்குள் நான் நிறையப் படித்திருந்தேன், நிறையப் பேரைக் கேட்டிருந்தேன். பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைத்துறைச் சாலைப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். 2002-இல் ஒரே கையெழுத்தில் ஆயிரக்கணக்கான சாலைப் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பி, 2006-இல் திரும்ப எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர்தான் எனக்கு வாத்தியார். நெடுஞ்சாலைக்கு இத்தனை தூரத்துக்கு இன்னார் என்று ஆள் உண்டு, ஊராட்சி ரோட்டுக்கு அப்படி ஒருவரும் இல்லை என்பதை முதலில் சொன்னவர் அவர். "மழை விட்ட உடனே போய்ப் பாருங்கம்மா. மறுநாள் போனா குழிதான் தெரியும். தண்ணி எந்த வழியா வந்து குழி போட்டுச்சுன்னு தெரியாது" என்பார். தார் ரோட்டைப் பற்றியும் சொன்னார். தார் ரோடு ஒரு இடத்தில் வாய் திறந்துவிட்டால் மண்வெட்டியால் மூட முடியாது. ஜல்லியும் தாரும் கொதிகலனும் வர வேண்டும், அதற்கு ஒரு மதிப்பீடு, ஒரு அனுமதி, ஒரு ஒப்பந்தம். நன்றாகக் கவனித்த மண் ரோடு, கவனிக்காத தார் ரோட்டைவிட நல்ல ரோடு. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு தெளிவு வந்தது போல இருந்தது. தார் மதிப்பீடு இரண்டு முறை நிதியில்லை என்று திரும்பி வந்திருந்தது. நம் கையில் இருப்பதைக் கொண்டு நல்ல மண் ரோடாக ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தீர்மானத்தை நானே எழுதிக்கொண்டு போனேன். 'கிழக்குக் குடியிருப்புச் சாலைக்குத் தார் போடுவதற்குப் பதிலாக, சரளை மண் பரப்பி, பக்கவாய்க்கால் எடுத்து, தொடர்ந்து பராமரிப்பது' என்பது வாசகம். சபையில் விளக்கமாகச் சொன்னேன். டீச்சர் அல்லவா, சரிவு எவ்வளவு, தண்ணீர் எப்படி ஓடும் என்று கையால் காட்டிச் சொன்னேன். பலர் தலையாட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். முப்பது வயதிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, ஊரடங்கில் குழந்தைகளோடு திரும்பி வந்தவர்.

"தலைவரம்மா, நீங்க சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மண் ரோடு அவ்வளவு நல்லதுன்னா, உங்க வீட்டு வாசல்ல இருக்குற தாரைப் பேத்துட்டு அங்கயும் மண்ணைப் போட்டுப் பராமரிக்கலாமே?"

சபை அமைதியாகிவிட்டது. எங்கள் தெருக்காரர் ஒருவர் "ஏய், உட்காரு" என்றார். அவர் பேசட்டும் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஊராட்சி செயலர் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்த எந்தக் கணக்கிலும் அதற்கு விடை இல்லை. என் தெருவுக்குத் தார் வந்தபோது மண் ரோட்டின் சிறப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருடமே அங்கே தார் இருந்தது. எந்த ரோடு மண்ணாகவே இருக்கும், எந்த ரோட்டுக்குத் தார் வரும் என்று மண்ணின் தரத்தைப் பார்த்தோ தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்தோ யாரும் முடிவு செய்யவில்லை. அந்த ரோட்டின் முடிவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்தார்கள். அதே முடிவை நானும் எடுத்துக்கொண்டு வந்து, அதற்கு ஒரு கணக்கு விளக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், "நீங்களே சொல்லுங்க, என்னன்னு எழுதலாம்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பதிலாகன்னு எழுதாதீங்க. தார் வர்ற வரைக்கும்னு எழுதுங்க. தார் கேக்குறதைத் தனியா இன்னொண்ணா எழுதுங்க."

அப்படியே எழுதினோம், இரண்டு தீர்மானமாக. ஒன்று, தார்ச்சாலை கோருவது. மற்றொன்று, 'தார்ச்சாலை அமையும் வரை' மண் ரோட்டைப் பராமரிப்பது. ஒரு சொல் மாறியதில் என்ன வந்துவிட்டது என்று பிறகு சிலர் கேட்டார்கள். முந்தைய வாசகம் நிறைவேறியிருந்தால், அடுத்த முறை தார் மதிப்பீடு போகும்போது 'இந்தச் சாலைக்குத் தார் வேண்டாம் என்று கிராம சபையே தீர்மானம் போட்டிருக்கிறது' என்று அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டியிருப்பார்கள். அந்தக் குடியிருப்பின் கோரிக்கையை என் கையெழுத்தாலேயே மூடியிருப்பேன். திருப்பூரில் பீஸ் ரேட் ஒப்பந்தங்களைப் படித்துப் பழகிய கண் அவருக்கு. எனக்குத் தெரியாத ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரசமட்டம்

அந்த நவம்பரில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் காலை குடையோடு அந்த ரோட்டுக்குப் போனேன். சபையில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் வந்தார், சாலைப் பணியாளரும் வந்தார். மூன்று பேரும் மழையிலேயே 1.8 கிலோமீட்டர் நடந்தோம். ரோட்டின் நடு, ஓரத்தைவிடத் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வயல்காரர்கள் வரப்பை அகலப்படுத்தி வாய்க்காலை விழுங்கியிருந்தார்கள். டிராக்டர் வயலில் இறங்குவதற்காகக் குழாய் பதிக்காமல் மண்ணைப் போட்டு வாய்க்காலை அடைத்த இடங்கள் மட்டும் பதினொன்று. உழவு முடித்த டிராக்டர், சேற்றில் உழ மாட்டுகிற இரும்புக் கேஜ் வீலோடு ரோட்டில் ஏறிப் போன தடம் ஏர் ஓட்டியது போலக் கிடந்தது. தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை, டயர் தடத்திலேயே ஓடியது. ரோடு வாய்க்காலாகவும் வாய்க்கால் மேடாகவும் இருந்தன.

2022 ஜனவரியில் வேலை ஆரம்பித்தோம். வாய்க்கால் வெட்டுவதை நூறு நாள் திட்டத்தில் எடுத்தோம். கூலிக்கு நூற்றுக்கு 60, பொருளுக்கு 40-க்கு மேல் போகக்கூடாது என்பது அப்போதைய விதி. பொருளுக்கான பணமோ மாதக்கணக்கில் வராமல் நின்றது. அதனால் சரளைக்கு நிதிக்குழு மானியத்தில் இன்ன வேலைக்கென்று கட்டப்படாத பகுதியைச் சேர்த்து வைத்தோம். எங்கள் பக்கம் செம்மண் சரளை எங்கே தோண்டினாலும் கிடைக்கும், ஆனால் கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் ஒரு லோடு எடுத்தாலும் குற்றம். அந்தக் காகிதத்துக்கு மூன்று மாதம் அலைந்தேன். சரளை வந்ததும் சாலைப் பணியாளர் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டிப் பார்ப்பார். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் களி போதாது, வெயிலில் கலைந்துவிடும். கையெல்லாம் அப்பிக்கொண்டால் களி அதிகம், மழைக்கு ஆகாது. உருண்டை நின்று, உள்ளே கல் நறநறவென்று தட்டுப்பட வேண்டும். இரண்டு லோடைத் திருப்பி அனுப்பினார்.

நடு மேட்டுக்கு அளவு எடுத்தது என் வேலை. மண் ரோட்டுக்கு நூற்றுக்கு நாலு முதல் ஐந்து வரை சரிவு வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஊரகச் சாலைகளுக்குச் சொல்கிற அளவு. ரோட்டின் அகலம் மூன்று மீட்டர். நடுவிலிருந்து ஓரம் ஒன்றரை மீட்டர். ஐந்து சதவீதம் என்றால் ஏழரை சென்டிமீட்டர், ஏறக்குறைய நாலு விரல் அகலம். ஊர் ஆசாரியிடம் சொல்லி ஒன்றரை மீட்டர் பலகை ஒன்று செய்தோம். ஒரு முனையில் ஏழரை சென்டிமீட்டர் கட்டை. கட்டை உள்ள முனையை ரோட்டோரத்தில் வைத்து, மறு முனையை நடுவில் வைத்து, பலகைமேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். நின்றால் சரிவு சரி. இதைப் புரியவைக்க நான் ஒரு நாள் ஒதுக்கியிருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டட வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு ரசமட்டம் புதிதா என்ன. தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, மறுபடியும் பலகை வைத்துப் பார்த்தார்கள். குமிழ் ஓடினால் அவர்களே "இங்க இன்னும் ஒரு சட்டி போடணும்" என்றார்கள்.

2020-இல் ஒதுக்கி வைக்கப்பட்ட பாட்டிமார்களும் அந்த வருடம் திரும்ப வந்தார்கள். "அன்னைக்கு எங்களை வேணாம்னீங்களே" என்றார் ஒரு அப்பத்தா. மன்னிப்புக் கேட்டேன். இரட்டைப் பனையடியில் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் எங்களுக்குள் குழப்பம். மேற்கே விட்டால் ஒருவர் வயல் மூழ்கும், கிழக்கே விட்டால் ரோடு அறுக்கும். மே மாதம் இறந்துபோன பாட்டிதான் அந்த இடத்தை எப்போதும் பார்த்துக்கொண்டவராம். அவர் எங்கே வெட்டிவிடுவார் என்று ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. மூன்று மழை பார்த்து, மூன்று முறை மாற்றிய பிறகுதான் வழி கிடைத்தது.

எந்தப் படத்திலும் தெரியாத வேலை

ரோடு போடுவது எளிதான பாதி. அதை வைத்திருப்பதில்தான் திட்டமே திணறியது. எட்டுப் பெண்கள், மழை பெய்த மறுநாள் காலை, அரை நாள் வேலை: அடைத்த வாயைத் திறப்பது, அரித்த இடத்தில் ஓரமாகக் குவித்து வைத்திருக்கும் சரளையைப் போட்டுக் கெட்டிப்பது. கேட்க எவ்வளவு சின்ன விஷயம். ஆனால் நூறு நாள் திட்டத்தில் வேலை என்றால் முதலில் மதிப்பீடு, பிறகு தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, வேலைக்கு ஒரு எண், அதற்கு வருகைப் பதிவேடு. மழை இதற்கெல்லாம் காத்திருக்காது. 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலைத்தளங்களிலும் செயலியில்தான் வருகைப்பதிவு, காலை ஒரு படம், மதியம் ஒரு படம். எங்கள் பெண்கள் ஒரே இடத்தில் நிற்பவர்கள் இல்லை, தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறவர்கள். பனையடியில் சிக்னலும் கிடையாது. எல்லோரும் படத்துக்காக மெயின் ரோட்டுக்கு நடந்து, திரும்ப நடந்து, அரை நாள் அதிலேயே போய்விடும்.

அதனால் அந்தக் கூலியை ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து கொடுத்தேன், கிராம சபைத் தீர்மானத்தைக் காட்டி. தணிக்கையில் நிறுத்தினார்கள். வேலைக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம் இரண்டையும் மேசைமேல் வைத்து, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. என்ன வேலை நடந்துச்சு?" என்று கேட்டார் அந்த அலுவலர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கொடுத்திருக்கும் படிவத்தில் மாற்றம் தெரிந்தால்தான் செலவு. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான் சார் கூலி கொடுத்தோம். நடுவுல ஒன்பது மழை பெஞ்சிருக்கு" என்றேன். தேதிவாரியாக மழை நாட்களையும் கூலியையும் எழுதி வைத்திருந்த நோட்டைக் காட்டினேன். அதை எழுதியவர் திருப்பூரிலிருந்து வந்த அந்தப் பெண்தான். தடையை நீக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் கூலி நிற்காமல் கொடுத்தோம். எப்படிக் கொடுத்தோம் என்பதை இங்கே எழுத முடியாது, என் கழுத்துச் சங்கிலிக்குத் தெரியும்.

ஒரு ஊராட்சிக்கு நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் தொட்டிக்கு இயக்குபவர் இருப்பதுபோல, மண் ரோட்டுக்கு மாதக் கூலியில் இரண்டு மூன்று பேர் வேண்டும். அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஊரடங்குக்கு முன்னால் வரை பாட்டிமார்கள் அந்த வேலையை நமக்குச் சும்மா செய்து கொடுத்தார்கள். நோய் வந்து அவர்களை வீட்டில் உட்காரவைத்த பிறகுதான் அப்படி ஒரு வேலை இருந்ததே நமக்குத் தெரிந்தது.

2023 ஜனவரியில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது, இரண்டு வருடத்தில் 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். எங்கள் முதல் தீர்மானத்துக்கு அதில் வழி கிடைத்தது. 2024-இல் குடியிருப்பு வரைக்கும் 1.1 கிலோமீட்டருக்குத் தார் வந்தது. தார் போட்ட இரண்டாம் நாள் அந்தப் பெண்ணிடமிருந்து போன். சந்தோஷத்தில் பேசுகிறார் என்று நினைத்து எடுத்தேன். "தலைவரம்மா, ஓரத்துக்கு மண் அணைக்கிறேன்னு ஜேசிபியை விட்டு வாய்க்காலை மூடிட்டு வர்றாங்க. சீக்கிரம் வாங்க, பனையடிக்குள்ள வந்துட்டாங்க" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பெண்களும் வாய்க்காலுக்குள் இறங்கி நின்றிருந்தார்கள். ஜேசிபி நின்றுவிட்டது. மூடியதில் பாதியைத் திரும்ப எடுக்க வைத்தோம். மீதிப் பாதியை எடுக்க முடியவில்லை. அந்த இடத்தில் இந்த மழைக்காலம் தாரின் ஓரம் பெயரும், பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குடியிருப்பைத் தாண்டித் தோட்டங்களுக்கும் மயானத்துக்கும் போகிற 700 மீட்டர் இன்னும் மண்தான்.

போன வாரம் ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த 700 மீட்டருக்குப் போனேன். மூன்று பெண்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், அந்தத் திருப்பூர்ப் பெண்ணும் ஒருவர். ஜனவரியிலிருந்து கூலி கிடையாது. நானும் இறங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம தீர்மானம் இன்னும் செல்லுமா? நீங்கதான் தலைவரா இல்லையே" என்று கேட்டார். யாரும் அதை ரத்து செய்யவில்லை, பதிவேட்டில் அப்படியே இருக்கிறது, மீதி தூரத்துக்கும் சேர்த்துத்தான் எழுதினோம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, வேலியோரம் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்து வந்தார். கட்டை உள்ள முனையை ஓரத்தில் அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் நடுவில் வைத்தேன். ரசமட்டத்தின் குமிழ் ஓரத்துப் பக்கமே போய் நின்றது. பலகையை நடுவில் தூக்கித் தூக்கிக் குமிழ் நடுவுக்கு வந்ததும், அடியில் இருந்த இடைவெளியில் அவர் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒரு விரல் குறைஞ்சிருக்கு" என்றார்.